கறிக்கோழியை வதைக்காமல் வளர்க்க: எல்லையோரப் பண்ணையாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் தோட்டம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறது. வேலியோரம் நின்றால் தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புகள் தெரியும். பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தின் இந்தக் கிழக்கு ஓரத்தில் வீட்டிலும் சந்தையிலும் தமிழ்தான் பேசுகிறோம். அலுவலகப் பலகைகளில் மலையாளம். குஞ்சும் தீவனமும் பல்லடம், பொள்ளாச்சிப் பக்கமிருந்து வருகின்றன. வளர்ந்த கோழி மேற்கே பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் அதற்கு அப்பாலும் போகிறது. இடைப்பட்ட நாற்பது நாளும் அது எங்கள் கொட்டகையில் இருக்கிறது.

நானும் என் கணவரும் ஒப்பந்த முறையில் வளர்க்கிறோம். குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையவை. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், தரையில் பரப்பும் கூளம், உழைப்பு எங்களுடையவை. எடை போட்டு வளர்ப்புக் கூலி தருவார்கள். இந்த ஏற்பாட்டில் நம்மால் மாற்ற முடியாதவை பல உண்டு. ஆனாலும் ஒரு கோழி நோகாமல் வாழ்வதற்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி கொட்டகைக்குள், நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும், பல ஆண்டுகளாக வளர்த்தும் ஒருமுறைகூடக் கொட்டகைக்குள் உட்கார்ந்து பார்க்காதவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில், இது எந்தக் கோழி?

கறிக்கோழி என்றாலே ஊசி போட்டு ஊதவைத்தது என்று பலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. ஐயாயிரம் கோழிக்குத் தினமும் ஊசி போட எந்தப் பண்ணையிலும் ஆள் கிடையாது. இந்த வளர்ச்சி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் சேர்த்ததில் வந்தது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்து இனங்களை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்து, முடிவை 2014-இல் வெளியிட்டார்கள். 56-ஆம் நாளில் முதல் இனம் 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம்.

இந்த மூன்று எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் கோழியைப் பாருங்கள். சதை ஓடுகிற வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுக்க முடியவில்லை. ஐந்தாவது வாரத்தில் நொண்டுவது, திடீரென்று சிறகடித்து மல்லாந்து சாவது, வயிற்றில் நீர் கோப்பது எல்லாம் இதிலிருந்து வருகின்றன. நல்ல கொட்டகை இவற்றைக் குறைக்கும், முற்றிலும் போக்காது. சொந்தமாக விற்க வழியுள்ளவர்கள் மெதுவாக வளரும் இனங்களுக்குப் போகலாம். ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜா அப்படிப்பட்டது. அதிக நாள் ஆகும், வேறு வாடிக்கையாளர் வேண்டும். ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு இனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. அப்படியானால் மற்ற எல்லாவற்றிலும் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

கொட்டகை

நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் உள்ளே சரியாது. அகலம் 25 அடி நல்லது, 30 அடியைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் நடுவில் காற்று நிற்கும். கூரை இரு பக்கமும் நான்கு அடி வெளியே நீண்டிருந்தால் சாரல் உள்ளே வராது.

இவை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். நம் பகுதிக்கு மட்டும் ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். நாம் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் உட்கார்ந்திருக்கிறோம். ஆடியில் காற்று மேற்கிலிருந்தும் தை, மாசியில் கிழக்கிலிருந்தும் வருகிறது. கிழக்கு மேற்காகக் கட்டிய கொட்டகையில் அந்தக் காற்று பக்கவாட்டு வலையில் நுழையாமல் முனைச்சுவரில் மோதி நின்றுவிடுகிறது. எங்கள் முதல் கொட்டகையில் இரண்டு முனைச்சுவர்களையும் உச்சிவரை செங்கல் வைத்துக் கட்டிவிட்டோம். வெளியே தென்னை ஆடும், உள்ளே ஒரு இறகு அசையாது. பிறகு நான்கடிக்கு மேல் சுவரை இடித்துக் கம்பிவலை அடித்தோம். தேவைப்படும்போது இறக்கிக்கொள்ளப் படுதா போட்டோம். கட்டும்போதே இதைச் செய்துவிட்டால் இரண்டு செலவு இல்லை.

எத்தனை குஞ்சு இறக்குவது?

ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி என்பது இங்கே நடைமுறைக் கணக்கு. இரண்டு கிலோ கோழி என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 21 கிலோ. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் கொண்டுவந்த விதி 33 கிலோ வரை அனுமதிக்கிறது, கூடுதல் ஏற்பாடுகள் இருந்தால் 39, 42 வரைகூட. அதைப் படித்துவிட்டு நாம் தாராளமாகத்தான் வைத்திருக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். அங்கே குளிர்நாடு, மூடிய கொட்டகை, நிற்காத மின்விசிறி. நம்முடையது திறந்த கொட்டகை, மேலே தகரம், வெளியே 40 டிகிரி. மாசியிலிருந்து வைகாசி வரை முடிகிற பேட்சுக்கு ஒரு கோழிக்கு 1.2 சதுர அடிக்குக் குறையக் கூடாது. 4,000 சதுர அடிக் கொட்டகையில் அது 3,300 குஞ்சு.

பங்குனியில் குறைத்து இறக்கச் சொல்லிக் கேட்டபோது எங்களிடம் அனுப்பப்பட்ட சூப்பர்வைசர், "அக்கா, எண்ணிக்கை மேலிடத்தில் முடிவாகிவிட்டது" என்று சொல்லிவிட்டார். அந்தப் பேட்சில் நடந்ததைக் கீழே வெயில் பகுதியில் சொல்கிறேன். அடுத்த கோடையில் கொட்டகையின் ஒரு பகுதியைத் தடுத்து, பழுதுபார்ப்பில் இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டோம். பின்பு பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இறப்புக் கணக்கைக் காட்டியதும் அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

கேரளத்துச் சந்தையை நம்பி வளர்ப்பவர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். கார்த்திகை பிறந்ததும் சபரிமலை மண்டல காலம். மலையாளக் கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடியில், ராமாயண மாதம். தமிழ்நாட்டுப் பக்கம் புரட்டாசி. கறி வாங்குகிறவர்கள் குறைவார்கள், விலை இறங்கும், பிடிப்பு, அதாவது கோழியைப் பிடித்து வண்டியேற்றுவது, தள்ளிப்போகும். 40 நாளில் போக வேண்டிய கோழி 47 நாள் நிற்கும். தினம் 90, 100 கிராம் ஏறுகிற உடம்பு அது. இடம் அதேதான். நடக்கத் திணறும், மிதிபடும், கூளம் ஈரமாகும். அந்த மாதங்களில் முடிகிற பேட்சுக்கு முன்கூட்டியே எண்ணிக்கையைக் குறையுங்கள்.

முதல் வாரம்

முட்டை பொரிந்து வந்த குஞ்சு ஏறத்தாழ 40 கிராம். தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் அதற்கு இன்னும் வரவில்லை. குஞ்சு வந்த பிறகு விளக்கைப் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு நாள் முன்பே, சூடு தரும் புரூடரை ஏற்றிக் கூளத்தைச் சூடாக்குங்கள். காற்று சூடாக இருந்தும் தரை குளிர்ந்திருந்தால் குஞ்சு காலிலிருந்து குளிர்ந்துவிடும். ஒரு குஞ்சை எடுத்து அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் தரை போதவில்லை.

முதல் நாட்களில் 32 முதல் 34 டிகிரி. பிறகு வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமானி அவசியம், ஆனால் குஞ்சுகள் நிற்கும் விதமே இன்னும் நல்ல கணக்கு. விளக்கடியில் குவிந்து கத்தினால் குளிர். தடுப்புத் தகட்டோரம் ஒதுங்கிச் சிறகை விரித்து வாய் திறந்தால் சூடு. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் எதிர்ப்பக்கம் எங்கோ ஊதல் காற்று நுழைகிறது. பரவலாகப் படுத்தும் கொறித்தும் திரிந்தால் சரி.

கரி அடுப்பு வைத்துச் சூடேற்றுகிறவர்கள் படுதாவை முழுவதும் மூடவே கூடாது. புகையில் நிறமும் மணமும் இல்லாத நச்சு உண்டு. குஞ்சுக்கு முன் அது உள்ளே தூங்குகிற ஆளைக் கொல்லும். படுதாவை அடியில் கட்டி, மேலே ஒரு அடி திறந்திருக்கும்படி விடுங்கள். காற்று குஞ்சின் மேல் படாமல் மேலாக ஓடும்.

வந்து 24 மணி நேரம் ஆனதும் நூறு குஞ்சைக் கையில் எடுத்துக் கழுத்தடியில் தீனிப்பையை விரலால் தொடுங்கள். கஞ்சிபோல மெத்தென்று நிறைந்திருக்க வேண்டும். நூறில் 95-க்குக் குறைந்தால் சில குஞ்சுகளுக்குத் தீவனமோ தண்ணீரோ எட்டவில்லை. கெட்டியாக உருளையாக இருந்தால் தின்றிருக்கிறது, குடிக்கவில்லை. இதற்கு அரைமணி நேரம் பிடிக்கும். நான் ஒரு பேட்சிலும் விட்டதில்லை.

கூளம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்கிறவர்கள் இதைப் படியுங்கள். கோழி தன் வாழ்நாளின் ஒவ்வொரு நிமிடத்தையும் கூளத்தின் மேல் கழிக்கிறது. அதில் நிற்கிறது, அதில் நெஞ்சை வைத்துப் படுக்கிறது, அதைக் கிளறுகிறது, அதிலிருந்து எழும் காற்றை மூச்சாக இழுக்கிறது.

நம் பகுதியில் இரண்டு பொருட்கள் எளிதில் கிடைக்கும்: பாலக்காட்டு அரிசி ஆலைகளின் உமி, பொள்ளாச்சித் தோப்புகளின் தென்னை நார்க்கழிவு. நார்க்கழிவு ஈரத்தை அதிகம் உறிஞ்சும். ஆனால் நன்றாக வெயிலில் காயவைக்காமல் போட்டால் பூஞ்சை பிடித்துக் குஞ்சின் நுரையீரலைத் தாக்கும். உமி சீக்கிரம் காயும், உறிஞ்சுவது குறைவு. நாங்கள் இரண்டையும் கலந்து மூன்று அங்குலம் பரப்புகிறோம். கடலைத்தோல் போடுகிறவர்கள் மழையில் நனைந்த மூட்டையை வாங்க வேண்டாம்.

சோதனை எளிது. ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். தூளாகச் சிதறினால் வறட்சி, தூசி கிளம்பும். லேசாக ஒட்டிப் பிறகு உதிர்ந்தால் சரியான பதம். தினமும் கிளறிவிடுங்கள். தண்ணீர்க் குழாயின் அடியில் அப்பம்போல இறுகிய பகுதியை வெட்டி எடுத்து வெளியே போட்டுப் புதுக்கூளம் நிரப்புங்கள். ஈரமான இடத்தில் சுண்ணாம்பு தூவுவது நம் ஊர்ப் பழக்கம். கோழி உள்ளே இருக்கும்போது அது கெடுதல்: சுண்ணாம்பின் காரத்தால் எச்சத்திலிருந்து அமோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். வெட்டி எடுப்பதுதான் வழி.

அமோனியாவை நின்றபடி அளக்க முடியாது. அது தரையோரம் உற்பத்தியாகிறது. கோழியின் மூக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது, உங்கள் மூக்கு ஐந்தடியில். விடிகாலையில், படுதா திறப்பதற்கு முன், கொட்டகையின் நடுவில் போய் முழந்தாளிட்டு முகத்தைத் தாழ்த்தி ஒரு நிமிடம் மூச்சு விடுங்கள். கண் கரித்தால் கோழிக்கு இரவெல்லாம் கண் கரிந்திருக்கிறது. 20, 25 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் அத்தனை பங்கு அமோனியா) தாண்டினால் மூச்சுக்குழாயின் காப்புப் படலம் கெட்டுச் சளிநோய் எளிதில் பற்றும், கண் புண்ணாகும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கால்நடை மருத்துவர். என் கணவர் அவரிடம் வாசம் ஒன்றும் இல்லை என்று சாதித்தபோது, "கீழே உட்காருங்கள்" என்று மட்டும் சொன்னார். என் கணவர் உட்கார்ந்தார், அரை நிமிடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து படுதாவை ஏற்றப் போய்விட்டார்.

ஈரக்கூளத்தின் தடம் காலில் தெரியும். உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கு, முட்டியில் பழுப்புத் தழும்பு. அது வெந்த புண். அந்தக் காலோடுதான் அது தீவனத்துக்கு நடக்கிறது.

தண்ணீர்

தின்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு குடிக்கும். ஐந்தாவது வாரத்தில் ஆயிரம் கோழிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 300 லிட்டர். சித்திரையில் இது இரட்டிக்கும். நிப்பிள் (கொத்தினால் தண்ணீர் சொட்டும் குழாய்முனை) என்றால் ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கோழிகள். உயரத்தை இரண்டு நாளுக்கொருமுறை சரிசெய்யுங்கள்: கோழி கழுத்தைச் சற்று மேல்நோக்கி நீட்டிக் குடிக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் இடித்து ஒழுகும். உயர்ந்திருந்தால் நொண்டிக் கோழி எட்டாமல் தாகத்தில் சாகும்.

மொட்டைவெயிலில் நிற்கும் கறுப்புத் தொட்டியின் தண்ணீரில் மதியம் இரண்டு மணிக்குக் கை வைத்துப் பாருங்கள். அந்தச் சூட்டுத் தண்ணீரைக் கோழி குடிக்காது, மிக அதிகம் குடிக்க வேண்டிய நேரமும் அதுவே. தொட்டிக்குத் தென்னங்கீற்றில் பந்தல் போடுங்கள். வெளிக்குழாயை மண்ணுக்குள் இறக்குங்கள். மதியம் ஒருமுறை குழாயின் கடைசி மூடியைத் திறந்து சூட்டுத் தண்ணீரை வெளியேற்றுங்கள்.

இருட்டும் வேண்டும்

இரவெல்லாம் விளக்கு எரிந்தால் அதிகம் தின்னும், சீக்கிரம் எடை ஏறும் என்று நினைத்து வளர்த்த காலம் ஒன்று உண்டு. முதல் சில நாட்களுக்குப் பிறகு தினமும் நான்கு முதல் ஆறு மணி நேரம் தொடர்ந்து இருட்டு கொடுங்கள். தூங்குகிற கோழிக்குக் கால் உறுதிப்படுகிறது, மல்லாந்து சாவது குறைகிறது. பகலில் அது நடக்க ஒரு காரணமும் வேண்டும். ஆயிரம் கோழிக்கு இரண்டு மூன்று வைக்கோல் கட்டுகளைப் போட்டுவைத்தால் ஏறும், கொத்தும், நிழலில் சாய்ந்து படுக்கும். செலவு மிகக் குறைவு.

வெயில்

கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. அதன் உடம்புச் சூடே 41 டிகிரிக்கு மேல். வெளிக்காற்று அதை நெருங்கும்போது வாய் திறந்து மூச்சிரைப்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வழி. பங்குனி, சித்திரையில் பாலக்காட்டுப் பக்கம் 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல.

எண்ணிக்கையைக் குறைக்க மறுக்கப்பட்ட அந்தப் பேட்சில், 36-ஆம் நாள், பிற்பகல் ஒன்றரை மணிக்கு மின்சாரம் போனது. எங்களிடம் ஜெனரேட்டர் இல்லை. மூன்றரைக்கு வந்தபோது 130-க்கும் மேற்பட்ட கோழிகள் செத்துக் கிடந்தன. நடுவில்தான் அதிகம், காற்று எட்டாத இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று. அவற்றை அள்ளிக்கொண்டு போனபோது உள்ளங்கையில் பட்ட சூட்டை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. இனி சொல்வதெல்லாம் அன்றைக்கு நான் தெரிந்திருக்க வேண்டியவை.

வெயில் ஏறுவதற்கு முன்பே, காலை ஒன்பது பத்து மணிக்குள், தீவனத்தை உயர்த்திவிடுங்கள். தின்றது செரிக்கும்போது உடம்பில் சூடு பிறக்கிறது. தின்று நான்கைந்து மணி நேரத்தில் அது உச்சத்துக்குப் போகும். பதினொரு மணிக்குத் தின்ற கோழிக்கு மாலை மூன்று மணிக்கு இரண்டு வெயில். ஐந்து மணிக்குப் பிறகு மீண்டும் இறக்கி, இரவில் இருட்டு நேரம் போக மீதியில் விளக்குப் போட்டுத் தின்னவிடுங்கள். தண்ணீரை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. அதில் எலக்ட்ரோலைட், வைட்டமின் சி கலக்கலாம். குளிர்ந்த தண்ணீர் இல்லாமல் அவற்றால் பயனில்லை.

கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். மேலே தென்னங்கீற்றுப் பரப்பினால் இன்னும் நல்லது. மின்விசிறியின் காற்று கோழியின் முதுகில் பட வேண்டும். ஆள் உயரத்தில் சுழல்கிற விசிறி நமக்குத்தான் சுகம். மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை மிக மெதுவாக ஊடே நடந்து கோழிகளை எழுப்பிவிடுங்கள்; படுத்த உடம்புக்கும் கூளத்துக்கும் இடையில் அடைந்த சூடு வெளியேறும். விரட்டக் கூடாது.

தண்ணீரைப் பனிபோலத் தூவும் ஃபாகர் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் கிழக்குப் பகுதியின் வறண்ட காற்றில் பனித்தூவல் நன்றாக வேலை செய்யும். ஆனால் கோடைமழை பெய்து ஓய்ந்த மாலையில், காற்று அசையாமல் புழுங்கும்போது, அதைப் போடாதீர்கள். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. கோழி மூச்சு வழியே ஈரத்தை ஆவியாக்கித்தான் குளிர்கிறது. அந்த வழியையும் அடைத்துவிடுவீர்கள். அப்போது வேண்டியது காற்றோட்டம் மட்டும்.

ஜெனரேட்டர் வாங்குங்கள். கடன் வாங்கியாவது வாங்குங்கள்.

தினசரி நடை

காலை, மதியம், மாலை என மூன்று முறை கொட்டகையின் முழு நீளமும் நடந்து, சுவரோரமும் மூலையும் பாருங்கள். நோயுற்ற கோழி மூலைக்குத்தான் போகும். ஆள் அருகே வந்தும் எழாத கோழியைக் கையில் எடுங்கள். காலைத் தடவுங்கள், கண்ணைப் பாருங்கள். நடக்க முடிந்ததைத் தனியாகத் தடுத்து, எட்டும் உயரத்தில் தண்ணீரும் தீவனமும் வையுங்கள். நொண்டினாலும் தேறிவிடுவது உண்டு.

தேறாது என்று தெரிந்ததை அப்படியே விடக் கூடாது. தானாகச் சாகட்டும் என்று மூலையில் போட்டுவைப்பதும், உயிரோடு குழியில் எறிவதும் நான் பார்த்த கொடுமைகள். கழுத்தெலும்பை ஒரே இழுப்பில் பிரித்து நொடியில் முடிக்கும் முறை உண்டு. அதைக் கால்நடை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்தில் படித்துச் செய்துபார்க்கிற வேலை இல்லை. மனம் வராது. எனக்கும் வரவில்லை. ஆனாலும் இரண்டு நாள் தாகத்தோடு கிடப்பதைவிட அது இரக்கம்.

வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்திலும் மூன்றாம் வாரத்திலும், கம்போரோ நோய்க்கு இரண்டாம் வாரத்திலும் தடுப்பூசி போடுவது வழக்கம். கண்ணில் விடும் சொட்டுக்குக் குஞ்சைப் பிடிக்கும்போது எறிந்து எறிந்து வேலை பார்க்காதீர்கள். நோய் வராமலே ஆன்டிபயாடிக் கலந்து கொடுப்பது ஈரக்கூளத்தையும் நெரிசலையும் மருந்தால் மூடிமறைப்பதாகும். மனிதருக்குக் கடைசி மருந்தாக இருக்கும் கொலிஸ்டினை உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்குத் தருவதற்கு இந்திய அரசு 2019-இல் தடை விதித்தது. கம்பெனி தரும் பொட்டலத்தின் பெயரைப் படியுங்கள். சிகிச்சைக்குக் கொடுத்த மருந்து உடம்பை விட்டு நீங்க எத்தனை நாள் என்று கேட்டு, அதற்குமுன் பிடிப்புக்கு அனுப்பாதீர்கள்.

பிடிப்பும் வண்டியும்

நாற்பது நாள் கண்ணாக வளர்த்ததை ஒரே இரவில் ஒடித்துவிட முடியும். ஆட்கள் அவசரத்தில் வருவார்கள். கோழிக்கு ஒரு காலைப் பிடித்து, கைக்கு ஐந்தாறு என்று தலைகீழாக அள்ளுவார்கள். இடுப்பு மூட்டு நழுவும், சிறகு ஒடியும். எங்கள் தோட்டத்தில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. பிடிக்க வரும் குழுவுக்கு முதலில் டீ. அதன்பின் தலைவரிடம், "அண்ணா, இரண்டு காலையும் சேர்த்துப் பிடியுங்கள், கைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம், அரைமணி நேரம் கூடினாலும் பரவாயில்லை" என்று சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பணமும் கூடத் தருகிறோம். பெட்டியை வாசலில் வைக்காமல் கோழி நிற்கும் இடத்துக்கே கொண்டுபோனால் சுமக்கும் தூரமே இல்லை. காலைக் கட்டித் தராசில் தொங்கவிட்டு எடை போடுவதை நிறுத்திப் பெட்டியோடு மேடைத் தராசில் வையுங்கள்.

இரவில், மங்கிய நீல விளக்கில் பிடித்தால் கோழி மிரளாது. தீவனத்தை நிறுத்துவது முதல் அறுப்பது வரை மொத்தம் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் என்பது கணக்கு. பயணமும் கடையில் காத்திருப்பதும் அதற்குள் அடக்கம். தண்ணீர் கடைசிக் கோழி பிடிபடும்வரை இருக்க வேண்டும். வண்டி கிளம்பிவிட்டது என்று ஓட்டுநரிடம் உறுதிசெய்த பிறகே தீவனத்தை உயர்த்துங்கள். பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன வண்டி ஒருமுறை விடிகாலை ஐந்துக்கு வந்தது. அதுவரை பசியில் கூளத்தையே கொத்திக்கொண்டிருந்தன.

1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளில் கோழிக்கென 2001-இல் ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. வெயில், மழை, நேரடிக் காற்று படக் கூடாது. வெப்பம் 25 டிகிரிக்கு மேலோ 15-க்குக் கீழோ இருக்கும்போது கொண்டுசெல்லக் கூடாது என்கிறது. நம் சமவெளியில் கோடையின் நள்ளிரவுகூட 25-ஐத் தாண்டும். எனவே செய்யக் கூடியதைத் தவறாமல் செய்யுங்கள்: கோடையில் பெட்டிக்கு இரண்டு கோழி குறைவாக அடையுங்கள், ஏற்றியவுடன் வண்டி கிளம்பட்டும், வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் எந்த வழியாகப் போனாலும் டீ குடிக்க நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓடுகிற வண்டியில் காற்று வரும். நிற்கிற வண்டியின் நடு அடுக்கில் அரைமணி நேரத்தில் மூச்சு முட்டும். பறவைக்காய்ச்சல் வந்தால் எல்லைச் சாவடிகளில் வண்டி மணிக்கணக்கில் நிற்கும். 2021 தொடக்கத்தில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் நோய் உறுதியானபோது அதைப் பார்த்தோம். அப்படிச் செய்தி வந்த நாளில் ஏற்றாதீர்கள், ஒரு நாள் பொறுங்கள்.

கடை

பலர் பண்ணை வாசலோடு தம் வேலை முடிந்தது என்பார்கள். நேரடியாகக் கடைக்குக் கொடுக்கிறவர்களாவது இதைக் கேட்க வேண்டும். அறுத்ததும் டிரம்முக்குள் எறிந்து மூடுவதுதான் பல கடைகளில் வழக்கம். உள்ளே ஏற்கெனவே துடிப்பவற்றின் மேல் அது விழுகிறது. தகரத்தில் செய்த கூம்பு நான்கை வரிசையாகச் சுவரில் அடித்தால் போதும். தலைகீழாக உள்ளே இறக்கினால் சிறகு அணைந்திருக்கும், அடித்துக்கொள்ளாது. கத்தி கூராக இருந்து, கழுத்தின் இரு பக்க இரத்தக் குழாய்களும் ஒரே வெட்டில் அறுபட வேண்டும். குறைந்தது ஒன்றரை நிமிடம் கழித்து, மூச்சும் கண் அசைவும் நின்றதை உறுதிசெய்த பிறகே வெந்நீரில் முக்க வேண்டும். எங்களிடம் வாங்கும் கடைக்காரர் ஒருவருக்கு நாங்களே கூம்பு செய்துகொடுத்தோம். சுவரில் இரத்தம் தெறிப்பது நின்றதால் அவர் இப்போது அதை விடுவதாக இல்லை.

தேவையற்ற வலி தரும்படி எந்த விலங்கையும் கொண்டுசெல்வதும் அடைத்துவைப்பதும் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். கோழியும் அதில் அடக்கம். இந்தியச் சட்ட ஆணையம் 2017-இல் தன் 269-ஆம் அறிக்கையை முட்டைக்கோழிக்கும் கறிக்கோழிக்கும் என்றே எழுதி, வரைவு விதிகளையும் இணைத்தது.

பிடிப்புக்கு மறுநாள்

கம்பெனி ஒரு கணக்கு வைத்திருக்கும்: எடை, தீவனம், இறப்பு. நீங்கள் தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். பிடிப்பு இரவில் பெட்டிக்குப் போகும் நூறு கோழிகளின் உள்ளங்காலைப் பார்த்து, எத்தனையில் கறுப்புப் பொருக்கு என்று எழுதுங்கள். நடக்க முடியாமல் தூக்கி வந்தவை எத்தனை, சிறகொடிந்தவை எத்தனை, வண்டி எத்தனை மணிக்கு வந்தது, மதியம் இரண்டு மணிக்குக் கொட்டகைக்குள் எத்தனை டிகிரி என்பவற்றையும் எழுதுங்கள். எங்கள் முதல் கணக்கில் நூறுக்கு 41 கால் புண். கூளத்தைத் தினமும் கிளறத் தொடங்கிய பேட்சில் 17. போன பேட்சில் 9, அதில் ஆறு மேற்கு மூலையில் நின்றவை. அந்த மூலையில் ஒரு குழாய் இணைப்பு கசிகிறது. அடுத்த குஞ்சு வருவதற்குள் அதை மாற்ற வேண்டும்.